பொறுமைக்கு நாளொன்றுக்கு ரூ. 16.79

பால் கணக்கு எழுத வாங்கிய 80 பக்க நோட்டு ஒன்று எங்கள் அடுக்களை ஆணியில் தொங்கியது. 2023 நவம்பர் 1-ஆம் தேதி, பால்காரரை ஓரங்கட்டிவிட்டு, மகனின் உச்சா கணக்கு அதில் ஏறியது. அன்று அவனுக்கு இரண்டு வயது நிறைந்தது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எந்த வேலை தொடங்கினாலும் முதலில் கோடு போட்டுப் பத்தி பிரிப்பேன். டயப்பர், நனைந்த ஜட்டி, சேரில் போனது, ரொக்கச் செலவு என்று நான்கு பத்திகள். 2024 ஜூன் 30 வரை எட்டு மாதம் ஓடியது. மாதம் 30 நாள் என்று வைத்தால் 240 நாள்.

பகல் டயப்பரை விட வைக்க விதிகள் மூன்று. வற்புறுத்தி உட்கார வைப்பதில்லை. நனைத்தால் திட்டுவதில்லை. காலை 8 முதல் 12 வரை மட்டும் ஜட்டி. வெளியே போனாலும் இரவிலும் டயப்பர். அவன் பழகப் பழக நேரத்தைக் கூட்டுவோம். அவசரமே இல்லை என்று வீட்டில் எல்லோரும் தலையாட்டினோம். அந்த ஒப்பந்தத்தை மீறிய ஒரே ஆள் யார் என்பது மூன்றாம் மாதக் கணக்கில் வரும்.

தொடக்க நிலவரம்

பகலில் 3, இரவில் 1, ஆக நாளுக்கு 4 டயப்பர். பெரிய பாக்கெட்டாக வாங்கியதில் ஒன்று ரூ. 13. நாளுக்கு ரூ. 52, மாதத்துக்கு ரூ. 1,560. ஒன்றுமே செய்யாமல் எட்டு மாதம் இப்படியே விட்டிருந்தால் 960 டயப்பர், ரூ. 12,480.

முதலீடு

பிளாஸ்டிக் பாட்டி சேர்: ரூ. 450
பெரியவர்கள் கழிப்பறை மேல் வைக்கும் சின்ன சீட்: ரூ. 350
ஏறி நிற்க முக்காலி: ரூ. 220
பருத்தி ஜட்டி 12, ஒன்று ரூ. 45: ரூ. 540
ரப்பர் ஷீட் 2, ஒன்று ரூ. 180: ரூ. 360
ஸ்டிக்கர்: ரூ. 60
மொத்தம்: ரூ. 1,980

"பாட்டி சேர் ஒண்ணு வாங்கணும்" என்று நான் சொன்னபோது, "எனக்கெதுக்குடா சேர், இருக்கறதே போதும்" என்றார் அம்மா. அந்த சேருக்கு அவர் பெயரே நிலைத்தது. ரூ. 350 சீட் முழு நஷ்டம்: கால் தொங்குகிறது என்று அவன் அதில் ஒருமுறைகூட உட்காரவில்லை. ஸ்டிக்கர் முழுவதும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. அம்மா தன் பங்காக ஒரு பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து 12 துடைப்புத் துணியாக்கினார். அதற்கு நான் போட்ட மதிப்பு ரூ. 0.

மாதவாரிக் கணக்கு

நவம்பர்: டயப்பர் 90, நனைந்த ஜட்டி 92
டிசம்பர்: 100, 70
ஜனவரி: 120, 38
பிப்ரவரி: 90, 55
மார்ச்: 60, 32
ஏப்ரல்: 50, 18
மே: 40, 8
ஜூன்: 30, 4
மொத்தம்: டயப்பர் 580, நனைந்த ஜட்டி 317

சேரில் போனது நவம்பர் முழுவதும் 11 முறை. அதிலும் பாதி தற்செயல். பொம்மை பஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது வந்தது. சத்தம் கேட்டு அவனே குனிந்து பார்த்தான். யார் ஊற்றியது என்பதுபோல் எங்களையும் பார்த்தான். ஜூனில் அதே பத்தியில் 150 இருந்தது.

டிசம்பரில் டயப்பர் 10 கூடியதற்கு மிக்ஜாம் புயல் காரணம். 3, 4 தேதிகளில் சென்னை மிதந்தது. எங்கள் தெருவில் நான்கு நாள் கரன்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, ஜட்டி அலசத் தண்ணீரும் இல்லை, காய வெயிலும் இல்லை. ஏப்ரலில் எல்லாம் தலைகீழ். கொடியில் போட்ட ஜட்டி முக்கால் மணி நேரத்தில் காய்ந்தது. பாதி நாள் ஜட்டியே இல்லாமல் அரைஞாண் கயிறோடு திரிந்தான். இடுப்பில் துணி இல்லாதபோது சேர் வரை ஓட அவனுக்கு நேரம் கிடைத்தது. சென்னையில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் மழைக்காலத்தைத் தள்ளிப்போட்டு மாசி, பங்குனிக்குக் காத்திருக்கலாம்.

317 என்ற எண் பயமுறுத்தும். அளவு வைத்துப் பார்த்தால் பயம் குறையும். வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் குழந்தையின் மூத்திரப்பை கொள்ளளவு தோராயமாக மில்லி லிட்டரில் வரும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரம். இரண்டு வயதுக்கு 90 மில்லி. ஒவ்வொரு முறையும் பை நிரம்பி வழிந்தது என்றே வைத்தாலும் 317 முறைக்கு 28.5 லிட்டர். எட்டு மாதத்தில் எங்கள் வீட்டுத் தரை கண்டது ஒன்றரைத் தண்ணீர் கேன்கூட இல்லை.

அவசரச் செலவு

1974-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் ஒரு நாளுக்குள் பழக்கிவிடலாம் என்று தலைப்பிலேயே சொல்லும் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 34 குழந்தைகள். பழக்க ஆன நேரம் சராசரியாக 4 மணி. நிறையக் குடிக்கக் கொடுப்பது, பொம்மையை உட்கார வைத்துக் காட்டுவது, நனைத்தால் சேருக்குத் திரும்பத் திரும்ப நடத்திப் பயிற்சி தருவது என்று முறை வைத்துச் செய்தார்கள். 34 குழந்தைகளுக்கு நடந்தது என் பிள்ளைக்கு நடக்காதா என்ற ஆசை 2024 பொங்கல் விடுமுறையில் எனக்கு வந்தது. அவர்கள் முறையையும் நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. இளநீர், ஜூஸ் என்று ஊற்றிவிட்டு, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கி உட்கார வைத்தேன்.

ஜனவரி 13: உட்கார வைத்தது 26, பலன் 3.
ஜனவரி 14: உட்கார வைத்தது 22, பலன் 2. மாலையில் சேரைக் கண்டால் அழுகை.
ஜனவரி 15: பானையில் பால் பொங்கியபோது அவன் திரைக்குப் பின்னால் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். கக்காவை அடக்குகிறான் என்று அம்மா சொன்னார். நான் நம்பவில்லை.

அடுத்த ஐந்து நாள் அவன் வெளிக்கே போகவில்லை. குழந்தை மருத்துவர் விளக்கியது எளிது: அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்குவான். "மூணு வாரம் அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. சேர் கண்ணுல படாம இருக்கட்டும்" என்றார். மருத்துவருக்கு ரூ. 600, மலமிளக்கி மருந்து ரூ. 210, ஆட்டோ ரூ. 160, ஆக ரூ. 970. பிப்ரவரியோடு ஒப்பிட்டால் ஜனவரியில் கூடுதல் டயப்பர் 30, ரூ. 390. மொத்தம் ரூ. 1,360. மூன்று நாள் அவசரத்துக்கு நாளொன்றுக்கு ரூ. 453.33.

பொறுமையின் விலை

அவசரத்துக்கு விலை போட்டவன் பொறுமைக்கும் போட வேண்டும். முதல் நாளிலேயே எல்லாம் கைகூடி, பிறகு இரவு டயப்பர் மட்டும் என்றால் 240 போதும். நாங்கள் செலவழித்தது 580. வித்தியாசம் 340. அதில் அவசரத்தால் வந்த 30-ஐக் கழித்தால் 310, ரூ. 4,030. அதை 240 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ரூ. 16.79. தெருமுனைக் கடையில் அப்போது டீ ரூ. 15. ஒரு டீயும் ஒன்றே முக்கால் ரூபாயும் சேர்ந்ததுதான் எங்கள் பொறுமை. அவசரம் அதைப்போல 27 மடங்கு.

இந்த நிதான முறைக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்ட்டன் 1962-இல் 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து எழுதினார்: குழந்தை ஆயத்தமாகும்வரை காத்திருங்கள். அவர் கணக்கில் பகல் பழக்கம் முடிந்த சராசரி வயது 28.5 மாதம். அங்கே 2002-இல் வெளியான இன்னோர் ஆய்வில் பகலில் நனையாமல் இருக்கும் இடைநிலை வயது பெண்பிள்ளைகளுக்கு 32.5 மாதம், ஆண்பிள்ளைகளுக்கு 35. எங்கள் பையன் முடித்தது 32-இல். முதலாமவரிடம் மூன்றரை மாதம் பின்தங்கல். இரண்டாமவரிடம் மூன்று மாதம் முந்தல். 2003-இல் வந்த ஆய்வு ஒன்று 27 மாதத்துக்கு முன் தீவிரமாகத் தொடங்குவதால் பெரிய லாபம் இல்லை, பழகும் காலம்தான் நீள்கிறது என்றது. பொங்கலன்று அவனுக்கு 26½ மாதம்.

எதிர்த்தரப்புக் கணக்கையும் சொல்லவேண்டும். பொறுமை நீளும்போது டயப்பர் கம்பெனிக்கு வரவு. எங்கள் தெருக் கடையில் எந்தக் கம்பெனி டயப்பருக்கும் பெயர் பேம்பர்ஸ்தான். அந்தப் பெயரில் சரக்கு அமெரிக்காவில் வந்தது 1961-இல். 1998-இல் அவர்கள் வளர்ந்த குழந்தைகளுக்கான பெரிய அளவு ஒன்றைக் கொண்டுவந்தபோது விளம்பரத்தில் தோன்றியவர் அதே பிரேசல்ட்டன். அன்றைக்கே அது சர்ச்சையானது. அவர் சொன்னது அதனால் பொய்யாகிவிடாது. ஆனால் காத்திருங்கள் என்று யார் சொன்னாலும், காத்திருப்புக்கு யார் பில் போடுகிறார்கள் என்று பார்ப்பது என் தொழில் புத்தி.

வரி, குப்பை, தண்ணீர்

எங்கள் காலத்தில் டயப்பருக்கு ஜிஎஸ்டி 12%. ரூ. 7,540-இல் ரூ. 808 வரியாகப் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5%, இன்றானால் ரூ. 337.

சமையல் தராசில் நிறுத்துப் பார்த்ததில் புது டயப்பர் 32 கிராம், நனைந்தது சராசரியாக 190 கிராம். 580-க்கு 110 கிலோ. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிப்படி தாளில் சுற்றி மக்காத குப்பையோடு கொடுத்தோம். கொடுத்ததை மற்ற குப்பையோடு ஒரே தொட்டியில் கொட்டியதையும் பால்கனியிலிருந்து பார்த்தோம். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் அன்று மலையாக நின்றதில் எங்கள் 110 கிலோவும் எங்கோ சேர்ந்திருக்கும்.

ஜட்டி அலசவும் தரை துடைக்கவும் ஒரு முறைக்கு 6 லிட்டர் என்றால் 317 முறைக்கு 1,902 லிட்டர். நகர்ப்புறத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. அதன்படி ஒருவரின் 14 நாள் தண்ணீர். சோப்புக்கும் ஃபினாயிலுக்கும் ரூ. 410.

அம்மாவின் கணக்கு

"நீயெல்லாம் ஒன்றரை வயசுலேயே சொல்லிட்ட" என்பது அம்மா அடிக்கடி சொன்னது. காலை நீட்டி, பாதங்களுக்கு நடுவே பிள்ளையை உட்கார வைத்து, "உஸ்ஸ்" என்று ஒலி எழுப்புவது அவர் முறை. அதைக் கட்டுக்கதை என்று தள்ள முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களிடம் பிறந்த சில வாரத்திலேயே இப்படித் தொடங்கி, ஐந்தாறு மாதத்தில் பழகிவிடுவதை 1977-இல் ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அதற்கு ஆள் ஒருவர் எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அம்மாவின் முறைக்கும் கணக்கு போட்டேன். நாளுக்கு 15 துணி என்று அவரே சொன்னார். 18 மாதத்துக்கு 540 நாள், 8,100 துணி. விடிகாலை ஐந்து மணிக்குக் கிணற்றடியில் அலசியது. ரொக்கச் செலவு சோப்புக்கட்டி மட்டும். சீக்கிரம் முடிந்த பழக்கம்தான். மலிவாக முடிந்தது என்று சொல்ல என் பேனா வரவில்லை.

இறுதி நிலுவை

டயப்பர் ரூ. 7,540
முதலீடு ரூ. 1,980
மருத்துவம், ஆட்டோ ரூ. 970
சோப்பு, ஃபினாயில் ரூ. 410
மொத்தம் ரூ. 10,900

ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் ரூ. 12,480. மிச்சம் ரூ. 1,580. இரவு டயப்பர் தொடர்ந்தது, அப்போது மாதம் ரூ. 390. ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் இரவில் நனைக்கிறார்கள். அந்த வயதுக்கு முன் அதை மருத்துவர்கள் குறையாகவே கொள்வதில்லை. அந்தப் பத்தியை மூடாமல் வைத்திருக்கிறேன்.

ஜூன் 30 இரவு நோட்டை அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். ஒவ்வொரு நனைந்த ஜட்டிக்கும் பக்கத்தில் துடைத்தவரின் முதலெழுத்து இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணச் சொன்னார். எண்ணினேன். அம்மா 228, மனைவி 60, நான் 29. ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் 26 மணி 25 நிமிடம். அதில் அம்மாவின் பங்கு 19 மணி.

"இதுக்கு எவ்ளோ போட்டிருக்க?"

வேட்டிக்குப் போட்டதைத்தான் இதற்கும் போட்டிருந்தேன்.

"அப்ப கூட்டல் தப்புடா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.