நல்லவன் ஒருவன் போதுமா? – வங்கிக் கதை சொல்லும் இரு பழைய படங்கள்

மணக்கோலம் கலையாத தம்பதியர் இருவர் வாடகைக் காரிலே தேனிலவுக்குப் புறப்படுகின்றனர். வெளியே மழை. கையிலே 2,000 டொலர். மனத்திலே எத்தனையோ கனவுகள். ஊரைத் தாண்டுமுன் தெருவிலே ஒரு பரபரப்பு. மழையையும் பாராமல் மக்கள் வங்கியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் முகம் வாடுகிறது. காரை நிறுத்தி இறங்குகிறான். தந்தைக்குப் பின் அவனே நடத்திவரும் சிறிய வீட்டுக்கடன் சங்கத்தின் வாயிலிலும் கூட்டம் கூடி நிற்கிறது. அத்தனை பேரும் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பணத்தைத் திருப்பித் தா!

1946ஆம் ஆண்டு திசெம்பரில் அமெரிக்காவிலே வெளிவந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்னும் படத்தில் வரும் காட்சி இது. நெறியாளர் பிராங் கப்ரா. ஜோர்ஜ் பெய்லி என்னும் அந்த மாப்பிள்ளையாக நடித்தவர் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்; மணமகள் மேரியாக வந்தவர் டொன்னா ரீட்.

அதே ஆண்டிலே வெளிவந்த மற்றொரு படம், வில்லியம் வைலர் நெறிப்படுத்திய ‘த பெஸ்ட் இயர்ஸ் ஒவ் அவர் லைவ்ஸ்’. இரண்டும் போரின் நிழலிலே பிறந்தவை. இரண்டிலும் வங்கிக் கருமமே கதையின் ஒரு திருப்புமுனை. மனிதர் பணத்தைப் பாதுகாப்பது எது, நல்ல மனமா, நல்ல சட்டமா என்ற கேள்வியை எண்ணிப் பார்க்க இவற்றைவிடச் சிறந்த துணை கிடைப்பது அரிது.

போர் கண்ட கலைஞர்கள்

இவ்விரு நெறியாளரும் போரை ஒதுங்கி நின்று பார்த்தவர்களல்லர். கப்ரா அமெரிக்கப் படையிலே சேர்ந்து, போரின் நோக்கத்தைப் படைவீரருக்கு விளக்கும் ஏழு விவரணப் படங்களைத் தயாரித்தார். வைலர் குண்டுவீச்சு விமானங்களிற் பறந்து படம்பிடித்தார். அப்பணியிலே தமது செவிப்புலனின் பெரும்பகுதியை இழந்தார். ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டோ ஐரோப்பிய வானிலே 20 தாக்குதற் பறப்புகளில் ஈடுபட்ட விமானி.

இத்தகையோர் ஊர் திரும்பிப் படமெடுக்க முற்பட்டபோது, பீரங்கி முழக்கத்தை அவர்கள் நாடவில்லை. போருக்கு முந்திய பொருளாதார மந்தத்தையும் கண்ட தலைமுறை அது. எந்த வாழ்க்கைக்காக இத்தனை பேர் உயிர் கொடுத்தார்களோ, அந்தச் சாதாரண வாழ்க்கையில் ஏழைக்கு இடமுண்டா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடுபவன் என்றோ ஒருநாள் வங்கியின் வாசற்படியில் ஏறியே ஆகவேண்டும். சொந்த வீடு, காணி, முதுமைக்கொரு சேமிப்பு ஆகிய எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

பணம் எங்கே போயிற்று?

பெய்லியின் சங்கத்துக்குத் திரும்புவோம். கொதித்து நிற்கும் கூட்டத்துக்கு அவன் சொல்லும் விளக்கம் பொருளியல் மாணவர் கவனிக்க வேண்டியதொன்று. உங்கள் பணம் இங்குள்ள பெட்டகத்தில் இல்லை. அது உங்கள் அயலவரின் வீடாக மாறி நிற்கிறது. நாளை அதுவே உங்கள் வீடாகவும் மாறும் என்கிறான் அவன். உண்மை அதுதான். வங்கி ஒன்று, கேட்டவுடன் தருவதாகச் சொல்லிப் பணத்தை வாங்குகிறது. பல ஆண்டுகளிலே திரும்பி வரத்தக்க கடனாக அதைக் கொடுக்கிறது. எல்லோரும் ஒரே நாளிற் கை நீட்டினால், நேர்மையாக நடக்கும் வங்கியும் விழுந்துவிடும். முந்தி நிற்பவனுக்குப் பணமும் பிந்தி வருபவனுக்குப் பட்டை நாமமும் என்றால் யார்தான் ஓடமாட்டார்?

ஊரின் பெருஞ் செல்வனான பொட்டர் இந்தத் தருணத்துக்காகவே காத்திருக்கிறான். சங்கத்தின் பங்குகளை டொலருக்கு 50 சதம் வீதம் வாங்கிக்கொள்வதாக ஆசை காட்டுகிறான். அப்போது மேரி தேனிலவுக்கென வைத்திருந்த பணத்தை உயர்த்திக் காட்டுகிறாள். ஒருவர் தமது 242 டொலரையும் முழுதாக வாங்கிச் செல்கிறார். வேறொரு மாது தமக்கு 17 டொலரும் 50 சதமும் போதும் என்கிறார். மாலை ஆறு மணிக்குக் கதவடைக்கும்போது எஞ்சியிருப்பது 2 டொலர், சங்கம் பிழைத்துக்கொள்கிறது.

பார்ப்போர் கண் கலங்கும் இடம் இது. ஆயினும், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்போம். அன்று பெய்லிக்குத் திருமணம் நடந்திராவிட்டால்? மேரியின் கையிலே 2,000 டொலர் இல்லாதிருந்தால்?

இல்லாமற் போனவர்களின் கதையே வரலாறு. அமெரிக்காவில் 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் வீழ்ந்தன. 1933ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதவியேற்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ட், நாட்டின் வங்கிகள் அனைத்தையும் மூடும்படி 6ஆம் திகதி ஆணையிட்டார். 12ஆம் திகதி வானொலியிலே தோன்றி, வங்கி எவ்வாறு இயங்குகிறது என்பதை எளிய மொழியில் மக்களுக்கு விளக்கினார். மறுநாள் முதல், ஆராயப்பட்டு உறுதியானவை எனக் கண்ட வங்கிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. எடுத்த பணத்தையே மக்கள் திரும்பக் கொண்டுவந்து இட்டனர்.

பேச்சோடு சீர்திருத்தம் நிற்கவில்லை. அவ்வாண்டு யூன் 16ஆம் திகதி நிறைவேறிய வங்கிச் சட்டம் வைப்புக் காப்புறுதிக்கெனக் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவியது. 1934ஆம் ஆண்டு தை முதலாந் திகதி தொடக்கம், வங்கி விழுந்தாலும் ஒருவருக்கு 2,500 டொலர் வரை கிடைக்கும் என உறுதியளிக்கப்பட்டது. அத்தொகை காலப்போக்கில் உயர்ந்து, 2008இல் 2,50,000 டொலராயிற்று. இதற்கான நிதியை வங்கிகளே கட்டணமாகச் செலுத்துகின்றன. காப்புறுதிக்குட்பட்ட வைப்பில் ஒரு சதத்தையேனும் எவரும் இழந்ததில்லை என்பது அந்நிறுவனத்தின் பெருமை. முந்தி ஓடவேண்டிய காரணத்தையே சட்டம் நீக்கிவிட்டது. மேரியின் பணம் ஒரு சங்கத்தை ஒருநாள் காத்தது. இச்சட்டமோ முகந்தெரியாத கோடிக்கணக்கானோரைக் காத்தது.

கணக்காய்வாளர் பகைவரா?

படத்தின் பிற்பகுதியிலே நத்தார்க் காலத்தில் ஒரு பேரிடி விழுகிறது. சங்கத்தின் 8,000 டொலரை வங்கியில் இடச் சென்ற சிறிய தந்தையார் பில்லி, அதைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்துத் தவறுதலாகப் பொட்டரிடமே கொடுத்துவிடுகிறார். அன்றுதான் அரச கணக்காய்வாளரும் வந்து காத்திருக்கிறார். நாம் அவரைக் கண்டு நடுங்குகிறோம். பெய்லிக்குச் சிறைதான் என்று அஞ்சுகிறோம்.

ஆனால், அச்சங்கத்திலே பணம் இட்ட ஏழைத் தாயொருத்தியின் கண்கொண்டு பாருங்கள். ஊராரின் 8,000 டொலரை மறதிக்காரரான முதியவர் ஒருவரிடம் தனியே கொடுத்தனுப்புவது முறையா? அதைக் கேட்க வந்த அதிகாரி அவளுடைய பகைவரா, காவலரா? பெய்லி நல்லவன், ஐயமேயில்லை. எனினும் நல்லவனின் பெட்டகத்துக்கும் பூட்டு வேண்டும்.

இதற்கும் வரலாறு சான்று கூறுகிறது. பெய்லியின் சங்கம் போன்ற சேமிப்பு, வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு 1934இலேயே தனிக் காப்புறுதி ஏற்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அவற்றின் மீதான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன, மேற்பார்வையும் மெலிந்தது. காப்புறுதி இருக்கிறதே என்ற துணிவிலே பலர் ஆபத்தான முதலீடுகளில் இறங்கினர். 1986 முதல் 1995 வரை ஆயிரத்துக்கும் அதிகமான நிறுவனங்கள் வீழ்ந்தன. அக்காப்புறுதி நிறுவனமே முறிந்து, 1989இல் ஒழிக்கப்பட்டது. வரி செலுத்தும் மக்கள் தலையில் விழுந்த சுமை ஏறத்தாழ 12,400 கோடி டொலர். காவலாளியை அனுப்பிவிட்டுக் காப்புறுதியை மட்டும் நம்பியதன் பலன் அது.

முகம் பார்த்துக் கொடுத்த கடன்

இனி வைலரின் படம். அதிலே பிறெடரிக் மார்ச் நடித்த அல் என்பவர், போரிலே சார்ஜண்டாக இருந்துவிட்டு வங்கிக்குத் திரும்புகிறார். படைவீரருக்குச் சிறு கடன் வழங்கும் பொறுப்பு அவருக்கு. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திரும்பிவந்த வீரர் வீடோ காணியோ தொழிலோ தேடிக் கடன் பெற்றால், அதிலே ஒரு பகுதிக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. நோவக் என்னும் உழவன் காணி வாங்கக் கடன் கேட்டு வருகிறான். ஈடாகக் காட்ட அவனிடம் எதுவுமில்லை. அல் அவனுடைய பேச்சையும் உறுதியையும் கண்டு கடனை வழங்குகிறார். மேலாளரின் கண்டனத்துக்கும் ஆளாகிறார். ஈடு இல்லாதவன் நம்பத்தகாதவன் அல்லன் என்று துணிந்து சொன்ன அந்தப் படம், சிறந்த படத்துக்கான பரிசையும் சேர்த்து ஒஸ்கார் பரிசுகள் பலவற்றை வென்றது. போட்டியிலே அதனிடம் தோற்றவற்றுள் கப்ராவின் படமும் ஒன்று.

இங்கும் ஒரு கேள்வி எழுகிறது. முகம் பார்த்துக் கொடுப்பவர், முகம் பார்த்து மறுக்கவும் கூடுமல்லவா? நடந்ததும் அதுவே. அதே போரிலே போராடித் திரும்பிய கறுப்பின வீரர் மிகப் பலருக்கு, சட்டம் தந்த உரிமையை வங்கிகள் தர மறுத்தன. கணவரின் கையெழுத்தின்றிப் பெண்களுக்குக் கடன் வழங்காத நிறுவனங்களும் பல. கடன் வழங்குவதிலே பால், திருமண நிலை பற்றிய பாகுபாட்டை 1974இல் ஒரு சட்டம் தடைசெய்தது. 1976இல் இனம், நிறம், மதம் முதலியனவும் அதிலே சேர்க்கப்பட்டன. அல்லின் நல்லெண்ணம் ஒரு நோவக்குக்குக் கதவைத் திறந்தது. மற்றவர்களுக்கும் அக்கதவு திறக்கவேண்டுமென்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது.

சிறிய எழுத்திலே ஒளிந்த பொட்டர்

பொட்டரைக் கண்டால் அடையாளம் தெரியும். 2008ஆம் ஆண்டு நெருக்கடியிலே வீடிழந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கோ அப்படி ஒருவரும் கண்ணிற்படவில்லை. அவர்களுடைய கடன் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு விற்கப்பட்டிருந்தது. தொடக்கத்திலே குறைந்த வட்டி, பின்னர் ஏறும் வட்டி என்னும் நிபந்தனை, பத்திரத்தின் சிறிய எழுத்திலே ஒளிந்திருந்தது.

சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரன் 2007இலே ஓர் உவமை சொன்னார். பாண் வாட்டும் மின்கருவி ஐந்திலொன்று தீப்பற்றி வீட்டை எரிக்குமானால் அதைக் கடையில் விற்க விடமாட்டோம்; ஐந்திலொன்று குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் வீட்டுக்கடனை மட்டும் விற்க விடுகிறோமே என்பது அவர் வாதம். 2010ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, நிதி நுகர்வோரைக் காக்கும் பணியகம் ஒன்று 2011 யூலையிலே தொடங்கப்பட்டது. 2025இல் அங்கு வந்த புதிய ஆட்சி அப்பணியகத்தைச் சுருக்க முற்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. ஒருமுறை பெற்ற பாதுகாப்பு என்றும் நிலைக்கும் என்றிருந்துவிட முடியாது.

மழையிலே ஓடிய கூட்டமும் மறைந்துவிடவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. 2023 மார்ச் 9ஆம் திகதி, சிலிக்கன் வலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டொலரைத் திருப்பிக் கேட்டனர் வைப்பாளர். பெரும்பாலோர் வாசலுக்கு வரவேயில்லை. கைத்தொலைபேசியும் கணினியும் போதுமாயிருந்தன. மறுநாள் வங்கி மூடப்பட்டது.

நமது நாட்டிலும் மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010இலே தொடங்கிற்று. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குரிய உச்ச இழப்பீடு 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கே இது பொருந்தும். கூடுதல் வட்டி தருவதாக ஒருவர் அழைக்கும்போது முதலிலே கேட்கவேண்டியது, அவருக்கு அந்த அனுமதி உண்டா என்பதையே.

இத்தனை சட்டங்கள் வந்த பின்பும் அந்தப் பழைய படங்களை மக்கள் ஏன் பார்க்கிறார்கள்? கப்ராவின் படம் முதலில் எதிர்பார்த்த வருவாயை ஈட்டவில்லை. 1974இலே பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமற் போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் நத்தார்தோறும் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. இன்று அது குடும்பங்களின் பண்டிகை வழக்கமாகிவிட்டது. மலிவாகக் கிடைத்தது என்பது மட்டும் காரணமாகாது. இறுதிக் காட்சியிலே, ஒரு காலத்தில் பெய்லியிடம் கடன் பெற்றவர்களெல்லாம் கையிலிருந்ததைக் கொண்டுவந்து அவன் மேசையிலே குவிக்கிறார்கள். இழந்த வைப்பைக் காப்புறுதி திருப்பித் தரும். அந்தக் கைகளை அது தராது. பொட்டர் கடைசிவரை தண்டிக்கப்படுவதுமில்லை. அந்தக் குறையைச் சட்டம் தீர்க்கட்டும் என்று கப்ரா நமக்கு விட்டுச்சென்றாரோ என்னவோ!

இந்த விடுமுறையிலே பிள்ளைகளுடன் அமர்ந்து இவ்விரு படங்களையும் பாருங்கள். பார்த்து முடிந்ததும் வீட்டிலுள்ள வங்கிப் புத்தகத்தையும் கடன் பத்திரத்தையும் எடுத்து, அந்தச் சிறிய எழுத்துகளை ஒருமுறை அவர்களைக் கொண்டே உரத்து வாசிக்கச் செய்யுங்கள்.