ஐந்து ரூபாய்க்கும் எண்ணூறு ரூபாய்க்கும் நடுவே

ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் டிக்கெட் விலை அரசின் கையில், படம் விநியோகஸ்தரின் கையில். கொட்டகைக்காரருக்கு மிஞ்சுவது வாடகை. அதையும் மாற்றக் கேட்டபோது அது அரசியலாகிவிட்டது.

2021 ஏப்ரல் 8 அன்று ஆந்திரப் பிரதேச அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கிராமப் பஞ்சாயத்துகளில் குளிர்சாதன வசதி இல்லாத தியேட்டரின் கடைசி வகுப்புக் கட்டணம் 5 ரூபாய், உயர் வகுப்புக்கே 15 ரூபாய்தான் என்றது ஆணை. இடைவேளையில் குடிக்கும் டீக்கு அதைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றரை ஆண்டுகள் கழிந்தன, ஆட்சியும் மாறியது. 2024 டிசம்பர் 4 இரவு 'புஷ்பா 2' படத்தின் சிறப்புக் காட்சிக்கு ஆந்திராவில் அனுமதிக்கப்பட்ட கட்டணம் வரி நீங்கலாக 800 ரூபாய்.

இந்த இரண்டு விலைகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டையும் கொட்டகைக்காரர் நிர்ணயிக்கவில்லை.

முதல் ஆணை வந்த நேரம் பலருக்கும் நினைவிருக்கும். மறுநாள் வெளியாகவிருந்தது பவன் கல்யாணின் 'வக்கீல் சாப்'. அப்போது அவர் எதிரணியில் இருந்த ஜனசேனா கட்சியின் தலைவர். ஏழை ரசிகன் சுரண்டப்படக் கூடாது என்பது அரசு சொன்ன காரணம். நடிகரைக் குறிவைத்த ஆணை என்பது அவரது ரசிகர்களின் வாதம். யாரைக் குறிவைத்திருந்தாலும் அடி விழுந்தது தியேட்டர்கள் மேல். கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டி, பல மாதங்கள் கழித்துத் திறந்து, அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள் உரிமையாளர்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் நிலைமை முற்றியது. தியேட்டரைவிடப் பக்கத்து மளிகைக் கடையின் வசூல் அதிகமாக இருக்கிறது என்ற பொருளில் நடிகர் நானி பேசப்போக, அமைச்சர்கள் பதிலுக்குப் பாய்ந்தார்கள். வருவாய்த் துறை அதிகாரிகள் தியேட்டர் தியேட்டராகச் சோதனைக்கு வந்தார்கள். உரிமம் புதுப்பிக்கவில்லை, தீயணைப்புச் சான்று இல்லை என்று பல தியேட்டர்களுக்குச் சீல் வைக்கப்பட்டது. இந்த விலையில் கட்டுப்படியாகாது என்று வேறு சிலர் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. 2022 பிப்ரவரியில் சிரஞ்சீவி, மகேஷ் பாபு, பிரபாஸ், இயக்குநர் ராஜமௌலி உள்ளிட்டோர் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மார்ச்சில் புதிய ஆணை வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய் ஆயிற்று. பெரிய முதலீட்டுப் படங்கள் முதல் பத்து நாட்களுக்குக் கூடுதலாக வசூலிக்கவும் வழி பிறந்தது.

விலை உயர்ந்தால் கொட்டகைக்காரர் மகிழ வேண்டாமா? தெலுங்கு நாட்டுக் கணக்கு வேறு. சதவீதப் பங்கீட்டுக்குப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு அது சற்றுப் புதிராகவே இருக்கும். பெரிய படம் வந்தால் ஒற்றைத் திரைத் தியேட்டருக்கு முதல் வாரத்தில் கிடைப்பது பேசிவைத்த வாடகை மட்டுமே. அரங்கம் நிரம்பி வழிந்தாலும், டிக்கெட் எண்ணூறு ரூபாய்க்கு விற்றாலும் வாடகை அதேதான். கூட்டம் வடிந்த பிறகு, இரண்டாவது வாரத்தில் கணக்கு சதவீதத்துக்கு மாறும். அதாவது வெள்ளம் வரும்போது வாடகை, வறட்சியில் பங்கு. மல்டிபிளெக்ஸ்களுக்கோ முதல் நாளிலிருந்தே சதவீதம்தான்.

வாடகை முறை ஒரு காலத்தில் தியேட்டருக்குப் பாதுகாப்பாகத்தான் இருந்தது. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் வந்தது. ஆண்டு முழுவதும் படங்கள் வந்து, சுமாரான படமும் சில வாரங்கள் தாக்குப்பிடித்த காலம் அது. இன்று பெரிய நட்சத்திரங்கள் ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார்கள். வந்த படமும் சில வாரங்களில் ஓடிடி வழியாக வீட்டுக்கே வந்துவிடுகிறது. நடுவில் உள்ள வெற்று வாரங்களில் மின்சாரத்தின் நிலைக் கட்டணமும் ஊழியர் சம்பளமும் நிற்பதில்லை. 2024 மே மாதம் தெலங்கானாவின் ஒற்றைத் திரைத் தியேட்டர்கள் பத்து நாட்களுக்கு மூடப்பட்டன. யாரையும் எதிர்த்து அல்ல. தேர்தலும் ஐபிஎல் கிரிக்கெட்டுமாக இருந்த கோடையில் திரையிடப் படம் இல்லை, வந்த படத்துக்கு ஆள் இல்லை.

கட்டடம் சொந்தம் என்றாலும் அதற்குள் இருப்பதெல்லாம் சொந்தமல்ல. படச்சுருள் போய் டிஜிட்டல் வந்த பிறகு, பல தியேட்டர்களில் புரொஜெக்டர்கூட யுஎஃப்ஓ, சென்னையைச் சேர்ந்த க்யூப் போன்ற நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தத்தில் வந்ததுதான். அந்நிறுவனங்களின் கட்டணத்தை எதிர்த்துத் தென்னிந்தியத் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் 2 முதல் புதுப்படங்களை நிறுத்தியபோது, சண்டையில் நேரடிப் பங்கில்லாத தியேட்டர்கள் பழைய படங்களைத் தூசி தட்டி ஓட்டின.

எந்தப் படத்தைப் போடுவது என்பதும் அப்படியே. பல உரிமையாளர்கள் தியேட்டரைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். எடுப்பவர்களில் பெரிய தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் உண்டு. தெலுங்குத் திரையுலகில் "அந்த நால்வர்" என்று பேச்சு அடிபடுவது இவர்களைப் பற்றித்தான். 2025 மே மாதம் மூத்த தயாரிப்பாளர் அல்லு அரவிந்த் செய்தியாளர்களை அழைத்து, அந்த நால்வரில் தான் இல்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதன் சூட்டைத் தமிழ்ப் படவுலகமும் உணர்ந்ததுண்டு. விஜய்யின் 'வாரிசு' 2023 பொங்கலுக்குத் தெலுங்கிலும் வரவிருந்தது. தயாரித்தவர் தெலுங்கு விநியோகத்தில் பெரும்புள்ளியான தில் ராஜு. பண்டிகை நாட்களில் நேரடித் தெலுங்குப் படங்களுக்கே தியேட்டர்களில் முன்னுரிமை வேண்டும் என்று தெலுங்குத் தயாரிப்பாளர் சங்கம் 2022 நவம்பரில் நினைவூட்டியது. தமிழ் இயக்குநர்கள் கொதித்தார்கள். கடைசியில் தெலுங்குப் பதிப்பு ஜனவரி 14க்குத் தள்ளிப்போயிற்று. இரண்டு மாதச் சர்ச்சையில் தயாரிப்பாளர்கள் பேசினார்கள், இயக்குநர்கள் பேசினார்கள். எந்தப் படம் வந்தால் தன் ஊரில் கூட்டம் வரும் என்று தியேட்டர்காரரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் ஏதாவது விபரீதம் நேர்ந்தால் மட்டும் முதலில் தேடப்படுபவர் அவர்தான். அந்த எண்ணூறு ரூபாய் இரவில் ஹைதராபாத் ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ் சந்தியா தியேட்டரில் ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார், அவருடைய மகன் படுகாயமடைந்தான். நடிகர் அல்லு அர்ஜுன் கைதானது நாடெங்கும் செய்தியாயிற்று. அதற்குச் சில நாட்கள் முன்னரே தியேட்டர் தரப்பினர் கைதாகியிருந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பிலிருந்து எந்தத் தியேட்டரும் நழுவ முடியாது. அந்தப் பொறுப்புக்கு ஏற்ற பேச்சுரிமை அதற்கு உண்டா என்பது வேறு கேள்வி.

இந்தப் பின்னணியில்தான் 2025 மே மாதம் இரு மாநில தியேட்டர்காரர்களும் கூடி, சதவீத முறை வராவிட்டால் ஜூன் 1 முதல் மூடுவோம் என்றார்கள். ஜூன் 12 அன்று வெளிவரவிருந்த பெரிய படம் 'ஹரி ஹர வீர மல்லு'. நாயகன் மறுபடியும் பவன் கல்யாண், இம்முறை துணை முதல்வர். மூடும் முடிவுக்குப் பின்னால் சதி உண்டா என்று விசாரிக்கத் திரைப்படத் துறை அமைச்சர் கந்துல துர்கேஷ் உத்தரவிட்டார். துணை முதல்வர் திரையுலகின் நன்றியின்மையைச் சாடி அறிக்கை விட்டார். சில நாட்களில் போராட்டம் கைவிடப்பட்டது. சதவீதம் பற்றிப் பேசக் குழு அமைக்கப்பட்டது. படம் வேறு காரணங்களால் தாமதமாகி ஜூலை 24 அன்றுதான் வந்தது.

சதவீதம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. கேரளத்தில் எப்போதோ அந்த முறைதான். முதல் வார வசூலில் நாற்பதுக்குப் பதில் ஐம்பது சதவீதம் வேண்டும் என்று அங்குள்ள தியேட்டர் அமைப்பு 2016 டிசம்பரில் மல்லுக்கட்டியது. கிறிஸ்துமஸ் படங்கள் நின்றன. அடுத்த மாதமே தியேட்டர்காரர்கள் இரண்டாகப் பிளந்து புதிய அமைப்பு பிறக்க, போராட்டம் பழைய விகிதத்திலேயே முடிந்தது. சதவீதம் வந்தால் படம் தோற்கும்போது நஷ்டத்திலும் பங்கு வரும். தெலுங்குத் தியேட்டர்காரர்கள் அதை அறிந்தேதான் கேட்கிறார்கள். வெற்று வாரங்களின் நஷ்டத்தைச் சுமக்கிறவர்களுக்கு நிறைந்த வாரங்களின் லாபத்திலும் இடம் வேண்டும் என்பதே அவர்கள் வாதம்.

அந்த இடம் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாதவர்கள் வேறு வழி தேடிக்கொண்டார்கள். இரு மாநிலங்களிலும் சிறுநகரத் தியேட்டர்கள் பல இன்று கல்யாண மண்டபங்கள். அங்கேயும் வருமானம் வாடகைதான். ஆனால் எவ்வளவு என்பதை மண்டபக்காரரே சொல்கிறார், முன்பணமும் வாங்கிக்கொள்கிறார்.