துப்பறியும் நிபுணருக்கு இரங்கல் செய்தி!

ஷெர்லக் ஹோம்ஸ் செத்துப் பிழைத்தவர், தெரியுமா? சரித்திர நாவல் எழுதத் துடித்த ஆர்தர் கோனன் டாயிலை ஹோம்ஸ் விட்டபாடில்லை. 1891-லேயே கதையை முடித்துவிடப் பார்த்தார், அம்மா தடுத்துவிட்டார்! 1893 டிசம்பரில் ஒருவழியாக சுவிட்சர்லாந்தின் ரைஷன்பாக் அருவியோடு ஹோம்ஸை அனுப்பிவைத்தார். ஹோம்ஸ் கதைகள் வெளிவந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகையின் சந்தாதாரர்கள் 20,000 பேர் விலகினார்கள் என்பார்கள். 1901-ல் பாஸ்கர்வில் வேட்டைநாய் கதையை, 'இது சாவுக்கு முன்பு நடந்தது' என்ற ஏற்பாட்டோடு எழுதினார். 1903-லோ, ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லையாம்! அப்புறம் 1927 வரை எழுதினார். மொத்தம் 4 நாவல்கள், 56 சிறுகதைகள்!

ஹோம்ஸ் தொடராக வளர்ந்தார்; ஆனால் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' தொடரே அல்ல என்பது தெரியுமா? அவர் எழுதியது ஒரே நாவல். போருக்குப் பிந்தைய காகித விலைதான் அதை மூன்றாக வெட்டியது!

நம் கல்கி என்ன செய்தார்? 'பார்த்திபன் கனவு' முதலில் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் கதையான 'சிவகாமியின் சபதம்' பிறகுதான் வந்தது. மகனைக் காட்டிவிட்டு அப்பாவைக் காட்டுவதுபோல! எவ்வளவு துணிச்சல்!

மார்கரெட் மிட்செல் 1936-ல் 'கான் வித் த விண்ட்' நாவலை வெளியிட்டார். அடுத்த பாகம் கேட்டு உலகமே நச்சரித்தும் மறுத்துவிட்டார். 1949-ல் அவர் மறைந்தார். 1991-ல் வேறொருவர் கை அதை எழுதியது. எனக்கு அதில் இன்றும் மனம் ஒப்பவில்லை. தொடரோ தனி நாவலோ, கடைசி அத்தியாயம் படைத்தவர் கையில் இருக்க வேண்டும்.

அந்த வித்தை தெரிந்தவர் அகதா கிறிஸ்டி! 1920-ல் அறிமுகமானபோதே அவருடைய துப்பறியும் நிபுணர் பாய்ரோ ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அப்புறம் அரை நூற்றாண்டுக்கும் மேல் துப்பறிந்தார்! பாய்ரோவின் கடைசிக் கதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டார் கிறிஸ்டி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே காத்திருந்தது. நடுவே புதுப்புதுப் பாய்ரோ கதைகளும் வந்துகொண்டே இருந்தன! 1975-ல் பூட்டுத் திறந்தது. கதை நடந்த இடம், முதல் நாவலின் அதே ஸ்டைல்ஸ் மாளிகை. அந்த ஆகஸ்ட் 6-ம் தேதி நியூயார்க் டைம்ஸ் தன் முதல் பக்கத்தில், வாழ்ந்தே இராத ஒரு மனிதருக்கு இரங்கல் செய்தி வெளியிட்டது!