ஆறடிக் கரும்பும் ஒரு சைக்கிளும்: பாப்பா வீட்டுப் பொங்கல்

ஆறடிக் கரும்பை சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது? தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணைக் கேளுங்கள், செய்தே காட்டுவாள். ரேஷன் கடையில் கொடுத்த பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, இரண்டும் முன்கூடையில். கரும்பு, ஹேண்டில்பாரிலிருந்து கேரியர் வரைக்கும் பக்கவாட்டில். யூனிஃபார்ம் துப்பட்டாவால் முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. தோகை தரையில் சரசரவென்று உரச, அதை ஏந்திப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவர ஒரு தம்பி. சைக்கிளும் அரசாங்கம் கொடுத்ததுதான். ப்ளஸ் ஒன்னில் விலையில்லாமல் தருகிறார்களே, அதே சைக்கிள். தெருவே திரும்பிப் பார்க்க, மணியை அடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாயிற்று. பொங்கல் தொடங்கிவிட்டது!

பெயரைப் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். போட்டால் ஸ்கூலில் ஓட்டித் தள்ளிவிடுவார்களாம். வீட்டில் எல்லாரும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதினேழு வயதுக்குப் பாப்பா! நாமும் அப்படியே கூப்பிட்டுவிடுவோம்.

டி.வி.யிலும் காலண்டரிலும் நாம் பார்க்கிற பொங்கல், பானை பொங்கி வழிகிற அந்த ஒரு நிமிஷம்தான். அந்த நிமிஷத்துக்கு முன்னாலும் பின்னாலும் நாலைந்து நாள் ஒரு பெரிய கூத்து நடக்கிறது. சின்னப் பிள்ளைகள் விளையாடப் போய்விடும், பெரியவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போடுவார்கள். ஓடுவது, எடுப்பது, கட்டுவது, நனைப்பது, உரிப்பது, படம் பிடிப்பது, அத்தனையும் இந்த வயதுப் பிள்ளைகள் தலையில். அவர்கள் இல்லாவிட்டால் பண்டிகை நகராது. எனக்கு இது சத்தியமான நம்பிக்கை.

நம் ஊரில் மட்டுமில்லை. அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை நன்றி சொல்லும் திருநாள். 1863இல் லிங்கன் அறிவித்ததிலிருந்து ஆண்டுதோறும் நாடு முழுக்கக் கொண்டாடுகிறார்கள். வான்கோழி விருந்து, ஊர் திரும்பும் கூட்டம், உதவிக்கு இழுக்கப்படும் பதின்வயதுப் பிள்ளைகள் என்று அங்கேயும் அமர்க்களம்தான். ஆனால் அவர்களுக்கு விருந்து ஒரே நாள். நமக்கோ சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள், மனிதர்களுக்கு ஒரு நாள், அதற்கு முன்னால் வீட்டைத் தலைகீழாகப் புரட்ட ஒரு நாள்!

அந்த நாலுக்கும் முன்னால் ஸ்கூல் பொங்கல் வருகிறது. லீவு விடுவதற்கு முந்தைய நாள் மைதானத்தில் சமத்துவப் பொங்கல். பையன்கள் எல்லாம் வேட்டி, பெண்கள் எல்லாம் சேலை. அம்மாவின் பச்சைச் சேலையைக் கட்ட விடியற்காலையிலேயே சித்தியை வரவழைத்து, கொசுவத்துக்கு ஊக்கு, தோளுக்கு ஊக்கு, இடுப்புக்கு ஊக்கு என்று பாப்பா கிளம்பிய அழகு இருக்கிறதே! உட்காரவும் முடியாது, ஓடவும் முடியாது. ஆனால் போட்டோவில் அத்தனை நேர்த்தி. அதே நாள் கையில் வந்து சேர்கிறது அரையாண்டுத் தேர்வு ரேங்க் கார்டு. இயற்பியலில் கொஞ்சம் சறுக்கல். கையெழுத்து வாங்க நல்ல நேரம் எது? அப்பா பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து வரும் நேரம்தான். தக்காளிக்குப் பேர்போன மார்க்கெட் அது. பெட்டிக்கு நல்ல விலை கிடைத்த நாளில் அப்பா எதிலும் கையெழுத்துப் போடுவார். பாப்பா தக்காளி விலையைப் போனில் பார்த்துவிட்டுத்தான் கார்டை நீட்டினாள். இதற்கு மேல் பொருளாதாரப் பாடம் எதற்கு?

போகி. பழைய பாய், கிழிந்த தலையணை, உடைந்த முறம் எல்லாம் வெளியே. ட்ரம்மில் கல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது கொதகொதவென்று கொதிக்கிறது. தம்பி எட்டி நின்று கத்துகிறான். கொதிப்பு அடங்கியதும் கொஞ்சம் நீலம் கலந்து, மாட்டுக் கொட்டகைச் சுவரிலிருந்து ஆரம்பம். முன் சுவருக்கு மட்டும் பெயின்ட், அது அண்ணன் போன வருஷம் வாங்கிப் போட்டது. பாப்பாவின் சொந்த ராஜ்ஜியம் ஒரு மேஜை, ஒரு அலமாரி, கதவுக்குப் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர்கள். அலமாரியைக் காலி செய்தால் பத்தாம் வகுப்பு நோட்டுகள், நண்பர்கள் எழுதிக் கொடுத்த ஆட்டோகிராஃப் புத்தகம், வாட்ச் டப்பாவில் ஒளித்து வைத்த ஐம்பது ரூபாய். பழைய நோட்டை எடைக்குப் போட்ட காசு யாருக்கு என்று தம்பியோடு ஒரு பெரிய பஞ்சாயத்து. ஆட்டோகிராஃப் மட்டும் எடைக்குப் போகவில்லை.

சாயங்காலம் காப்புக் கட்டு. சேலம், தருமபுரி, கொங்கு வட்டாரம் முழுக்க இது உண்டு, மற்ற ஊர்க்காரர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். வெள்ளை வெளேரென்று பஞ்சு போல இருக்கும் பூளைப்பூ, மஞ்சள் ஆவாரம்பூ, வேப்பிலை, மூன்றையும் சேர்த்துச் சின்னக் கொத்தாகக் கட்டி வாசல் கூரையில் செருகுவார்கள். டவுனில் கட்டு கட்டாக விற்கிறார்கள். பாப்பாவோ தோழிகளோடு ஏரிக்கரையில் போய்ப் பறித்து வந்துவிட்டாள். வாசலுக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, கிணற்றடிக்கு, மோட்டார் ரூமுக்கு, வயலுக்கு. கடைசியில் ஒரு கொத்து மிச்சம் இருந்தது. சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டிவிட்டாள்! ஆயா (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பார்த்துவிட்டு, "அதுவும் நம்ம வூட்டுக்கு ஒழைக்கிற ஜீவன்தான், கட்டு கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

இனி அண்ணன். மானாவாரி நிலம் மிகுந்த மாவட்டம் இது. மழை தவறினால் வேலையும் தவறும். அதனால் இங்கே பல வீடுகளில் ஒரு ஆள் பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ இருப்பார். பாப்பாவின் அண்ணன் பெங்களூரில், எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம். போகி ராத்திரி பஸ் ஏறியவன் லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டான். அவ்வளவுதான், போன் கூடத்தின் நடுவில், அதைச் சுற்றிக் குடும்பமே! நீலப் புள்ளி அத்திப்பள்ளியில் நிற்கிறது. நிற்கிறது. இன்னும் நிற்கிறது. "செத்த நவுருதா பாரு பாப்பா" என்று ஆயா. ஓசூர் தாண்டியதும் ஒரு கைதட்டல், ராயக்கோட்டையில் இன்னொன்று. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அப்பா டி.வி.எஸ். எக்ஸெல்லோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். அண்ணன் பையில் எள்ளு பெல்லா. வெள்ளை எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்து கன்னடக்காரர்கள் சங்கராந்திக்கு அக்கம்பக்கத்தில் பங்கிட்டுக் கொள்வது. கூடவே கிளி, யானை வடிவில் சர்க்கரை அச்சு. கிளியின் தலை அத்திப்பள்ளி நெரிசலிலேயே போய்விட்டது. தம்பிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, மிச்சத்தை முழுங்கிவிட்டான்.

இந்த வீட்டில் நான் மிகவும் ரசித்த காட்சி அதற்குப் பிறகுதான். மணி பத்தைத் தாண்டிவிட்டது, யாருக்கும் தூக்கமில்லை. காலையில் ஊறப்போட்ட பச்சை மொச்சை ஒரு பெரிய குண்டான் நிறைய. தருமபுரி, கிருஷ்ணகிரி, அப்படியே கர்நாடகம் வரைக்கும் மார்கழி, தை மாதம் வந்தால் பிதுக்கம்பருப்பு இல்லாமல் சமையல் இல்லை. பெங்களூரில் இந்த மொச்சைக்கென்றே ஜனவரியில் அவரைக்காய் மேளா நடத்துகிறார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கொட்டையைப் பிடித்து அமுக்க வேண்டும். தோல் கையில் நிற்கும், பருப்பு பளிச்சென்று வழுக்கி வெளியே பாயும். சரியாகக் குறி பார்த்தால் தட்டில். குறி தவறினால் அண்ணன் மூக்கில்! பாப்பா வேண்டுமென்றே குறி தவறினாள். அண்ணன் பதிலுக்கு ஒன்று. அம்மா, "தின்ற சாமான்ல என்ன வெளையாட்டு" என்று அதட்டிக்கொண்டே தம்பி மேல் ஒன்றை விட்டார். ஊரில் இல்லாத நாட்களின் கதையெல்லாம் இந்தக் குண்டானைச் சுற்றித்தான் வெளியே வருகிறது. ரூமில் யார் சமைக்கிறார்கள், மேஸ்திரி எப்படி, சம்பளம் ஒழுங்காக வருகிறதா. நேருக்கு நேர் கேட்டால் அண்ணன் வாய் திறக்க மாட்டான். கை வேலையாக இருக்கும்போது எல்லாம் சொல்லிவிடுகிறான். ப்ளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிக்க ஆசை என்று பாப்பா முதன்முதலில் சொன்னதும் இங்கேதான். யாரும் தலை நிமிரவில்லை, பிதுக்கிக்கொண்டே இருந்தார்கள். "எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

மூன்று மணிக்கு அலாரம். தை மாதத்து விடியலில் இங்கே பனி கொட்டும், வாசலில் நின்றால் வாயிலிருந்து புகை வரும். ஸ்வெட்டருக்கு மேல் அண்ணனின் மங்க்கி கேப். சாணி தெளித்த வாசலில் 21 புள்ளி. யூடியூபில் பார்த்து நோட்டில் நாலு முறை போட்டுப் பழகியாயிற்று. எந்த நோட்டு? வேதியியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கம். பிப்ரவரியில் பிராக்டிகல் தேர்வுக்கு டீச்சர் அதைப் புரட்டும்போது என்ன நடக்குமோ, அது அப்புறம். எதிர் வீட்டுத் தோழி ரகசியமாக 23 புள்ளி வைக்கிறாள் என்று தம்பி உளவு சொன்னான். உடனே நாலு மூலையிலும் கரும்பு, நடுவில் பானை, சுற்றிலும் கலர்ப் பொடி! விடிந்து பார்த்தால் இரண்டு கோலமும் தெருவின் நடுவில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு பெண்களும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒரு செல்ஃபி.

பொங்கல் வைக்கும் நேரம் சட்டென்று முடிந்துவிடும். மூன்று கல் அடுப்பு, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய பானை, கண்ணெல்லாம் புகை. பாப்பாவுக்கு ஒரு கையில் ஊதுகுழல், மறு கையில் போன். கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் கரும்பாலை வெல்லத்தை ஆயா கையாலேயே உடைத்துப் போடுகிறார். பால் கிழக்குப் பக்கம் வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" வீடியோவில் பாதிக்குப் பாதி புகைதான், ஆனால் சத்தம் முழுசாகப் பதிந்துவிட்டது. ஸ்டேட்டஸில் போட அது போதும்.

மாட்டுப் பொங்கலை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். தாத்தாவிடம் ஒரு ஜோடி ஆலம்பாடி இருக்கிறது. கருஞ்சாம்பல் உடம்பு, நெற்றியில் வெள்ளை, காவிரிக்கரை மலைக்காட்டில் மேய்ந்து வளர்ந்த நம்ம மாவட்டத்து இனம். எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதால் இதைக் காப்பாற்ற இங்கேயே ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறார்கள். டிராக்டர் வந்த பிறகும் தாத்தா விற்க மறுத்துவிட்டார். ஏரியில் குளிப்பாட்டி, வைக்கோலால் தேய்த்து, கொம்பைச் சீவி, பெயின்ட் அடிக்கும் வேலை பாப்பாவுக்கு. ஒரு கொம்பு நீலம், ஒரு கொம்பு சிவப்பு என்று ஆரம்பித்தாள். மாடு தலையை ஒரு சிலுப்பு சிலுப்பியது, கம்மலிலிருந்து கன்னம் வரை நீலக் கோடு! அசரவில்லை. முகவாயைத் தடவி, காதுக்குப் பின்னால் சொறிந்து கொடுத்து, அது கண்ணை மூடிய நேரம் பார்த்து நுனி வரைக்கும் தீட்டி முடித்தாள். கழுத்துக்குச் சலங்கை, நெற்றிக்குக் குஞ்சம், புதுக் கயிறு. தொப்பூர், நல்லம்பள்ளி பக்கத்துச் சாமந்தி மாலை.

ஊர் எல்லையில் வேடியப்பன். பெரிய கோயில் ஒன்றுமில்லை, மரத்தடியில் ஒரு கல், அதில் வில்லேந்திய வீரன். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கு நட்ட நடுகற்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். தருமபுரி அகழ் வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன, பல்லவர் காலத்துக் கல்வெட்டோடு. பாடப்புத்தகத்தில் கரந்தைத் திணையை இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்த பெண், அந்தக் கல் முன்னால் மாட்டை நிறுத்திவிட்டு, "தாத்தா, இவரு மாட்டுக்காகத்தான செத்தாரு?" என்று கேட்டாள். "ஆமா சாமி, நம்ம மாட்டுக்காவத்தான்" என்றார் தாத்தா. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சங்கதி, அவர் வாயில் போன வாரம் நடந்தது மாதிரி வருகிறது! சிலிர்த்துவிட்டது எனக்கு.

மறுநாள் கரிநாள். இரண்டு நாள் சைவத்துக்கு நல்ல பழிவாங்கல்: நாட்டுக்கோழிக் குழம்பு, ராகிக் களி. களி கிண்டும் துடுப்பு முதன்முறையாகப் பாப்பா கைக்கு வந்தது. கட்டி தட்டாமல் கிண்டிவிட்டாள், அம்மா ஒரு உருண்டை கூடுதலாகவே சாப்பிட்டார். எருதாட்டம் பார்க்க அண்ணன் ஒரு பக்கம் இழுத்தான், ஒகேனக்கல் போகலாம் என்று பாப்பா ஒரு பக்கம். வாக்கெடுப்பில் ஒகேனக்கல் ஜெயித்தது, ஆயா ஓட்டு பாப்பாவுக்கு.

பென்னாகரம் தாண்டிக் காட்டுச் சாலையில் இறங்கும்போதே மீன் வறுவல் வாசனை தூக்கியது. காணும் பொங்கல் கூட்டம், நிற்க இடமில்லை. எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், பரிசலுக்கு வரிசை. அங்கே மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தர ஆற்றங்கரையில் அக்காமார்கள் இருக்கிறார்கள். அண்ணன் பேரம் பேசி வாங்கிய கட்லாவை நீட்டி, ஈரத் தலையோடு, நடுங்கிக்கொண்டே பாப்பா சொன்னாள்: "அக்கா, காரம் தூக்கலா போடுங்க, எங்கண்ணன் நாளைக்கு பெங்களூரு போறான்!"