பிரேக் குழாயில் ஒரு காற்றுக்குமிழி

உதகையிலிருந்து குன்னூர், பர்லியார் வழியாக மேட்டுப்பாளையத்திற்குக் காரில் இறங்கியிருக்கிறீர்களா? 2,240 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். 1,500 கிலோ எடையுள்ள கார் இந்த இறக்கத்தில் இழக்கும் ஆற்றலைக் கொண்டு சுமார் 90 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்! எஞ்சினும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்கின்றன. மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாகிறது.

ஊசி நீக்கிய மருத்துவ ஊசிக்குழலில் தண்ணீரை நிரப்புங்கள். நுனியை விரலால் அடைத்துத் தண்டை அழுத்துங்கள். நகராது. சிறிது காற்றையும் உள்ளே விட்டு மறுபடி அழுத்தினால் தண்டு மெத்தென்று உள்ளே போகும். பிரேக் குழாயிலும் இதே கதைதான். மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது ஒரு திரவம். இடையே காற்றோ ஆவியோ புகுந்துவிட்டால், கால் தரும் அசைவு முழுவதும் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்.

ஆவி எங்கிருந்து வருகிறது? பட்டறைகளில் 'பிரேக் ஆயில்' என்பார்கள். ஆனால் அது எண்ணெய் அன்று, ஈரத்தை ஈர்க்கும் ஒரு திரவம். டாட் 4 என்னும் வகை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் கால் எடுக்காமல் பிரேக்கை மிதித்து வந்தால் திரவம் அந்த வெப்பத்தை எட்டிவிடக்கூடும். மிதி திடீரென்று தரையைத் தொடும். அரை மணி கழித்து எல்லாம் ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பட்டறையில் மிதித்துப் பார்த்தால் பழுதே தெரியாது. பாவம், பழி ஓட்டுநர் மேல் விழும்!

பழைய திரவத்தை மாற்றும்போது குழாயிலுள்ள காற்றையும் வெளியேற்ற வேண்டும். இதைத்தான் 'ஏர் எடுப்பது' என்கிறார்கள். ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளைத் திறந்து மூடுவார். பழைய கார்களுக்கு இதுவே போதும்.

ஏ.பி.எஸ். உள்ள காரில் ஒரு சிக்கல் உண்டு. 1978-இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த ஏற்பாடு, இந்தியாவில் 2019 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். மழையில் நனைந்த வளைவில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதைத் தடுக்க, ஒரு வால்வுப் பெட்டி அந்தச் சக்கரத்தின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை குறைத்துக் கூட்டுகிறது. குறைக்கும்போது வெளிவரும் திரவம் ஒரு சிற்றறைக்குள் போகும். அங்கிருந்து ஒரு பம்பு அதைத் திருப்பி அனுப்பும்.

சாதாரண நேரத்தில் அந்த அறைக்குச் செல்லும் வால்வு மூடியே இருக்கும். ஆகவே எத்தனை முறை மிதித்து ஏர் எடுத்தாலும் அங்கே தங்கிய காற்று அசையாது. மிதியும் கெட்டியாகவே இருக்கும். என்றோ ஒரு நாள் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போதுதான் அந்தக் காற்று குழாய்க்குள் வரும். அது பெரும்பாலும் நெருக்கடியான கணமாகவே இருக்கும்.

இங்கேதான் ஸ்கேனர் உதவுகிறது. ஓட்டுநர் முன்பலகையின் அடியிலுள்ள செருகுவாயில் அதை இணைத்துக் கட்டளையிட்டால், கார் நின்றபடியே வால்வுகள் திறந்து மூடும், பம்பு சில நொடிகள் ஓடும். ஒருவர் மிதியை அழுத்த, நிப்பிள் வழியே காற்று கொப்புளித்து வரும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும். தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

எப்போதும் ஸ்கேனர் தேவை என்று எண்ண வேண்டாம். திரவக் கலம் வறளாமல் பார்த்து மாற்றினால் பெரும்பாலான கார்களில் பழைய முறையே போதும். கலம் வற்றியிருந்தாலோ, மாஸ்டர் சிலிண்டரையோ வால்வுப் பெட்டியையோ மாற்றியிருந்தாலோ ஸ்கேனர் அவசியம். சிலர் சரளை மண்ணில் வேகமாக ஓட்டி, ஓங்கி மிதித்து ஏ.பி.எஸ்.ஸை இயக்கிக் காற்றைக் கிளப்பி, பிறகு மறுபடி ஏர் எடுப்பார்கள். காற்று உண்டு என்று தெரிந்தே அந்தக் காரை ஓட்டுவது விபரீதம். மலையில் அதற்கேற்ற சமதளமும் எளிதில் கிடைக்காது.

ஸ்கேனர் இல்லாத பட்டறையில் மேலே சொன்ன வேலைகளில் ஒன்று நடந்திருந்தால், காரை ஓட்டி இறங்காதீர்கள். வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.