வானம் உறுமும் வீட்டில் ஒரு தூளி

நாகலாபுரத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மொழி புழங்கும். மழைக்காலத்தில் தெலுங்குக்காரப் பாட்டி "உருமு" என்று சொன்னால், அது இடி. தமிழ் பேசும் மருமகளுக்கோ உறுமுவது நாய். பழந்தமிழிலும் இடிக்கு "உரும்" என்றுதான் பெயர். வானத்தின் சத்தமும் நாயின் தொண்டைச் சத்தமும் இப்படிச் சொல்லளவிலேயே உரசிக்கொண்டு நிற்கிற எல்லையோர ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கைக்குழந்தையும் நாயும் சேர்ந்திருக்கும் வீட்டில், இரண்டு உறுமல்களும் ஒரே ராத்திரியில் கேட்கும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஊத்துக்கோட்டையைத் தாண்டி, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைக் கும்பிட்டுவிட்டு மேற்கே போனால் மலையடிவாரத்தில் நாகலாபுரம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் நினைவாக எழுப்பிய வேதநாராயண சுவாமி கோயில்தான் ஊருக்கு அடையாளம். மூலவர் மச்சாவதாரக் கோலம், இடுப்புக்குக் கீழே மீன். பிரளய வெள்ளத்தோடு பிணைந்த அவதாரம் அது.

வெள்ளம் இந்தப் பக்கத்துக்குப் புராணச் செய்தி மட்டுமல்ல. பிச்சாட்டூரில் ஆரணியாற்று அணை நிரம்பினால் உபரி நீரைத் திறப்பார்கள். அது சுருட்டப்பள்ளியைக் கடந்து ஊத்துக்கோட்டைத் தரைப்பாலத்தின் மேல் ஏறும். அக்கரையில் இருக்கும் மருத்துவர் அன்றைக்கு அக்கரையிலேயே இருப்பார். 2021 நவம்பரில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது திருப்பதி நகரமே தண்ணீரில் நின்றது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு கீழேயிருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே மாண்டஸ், 2023 டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகே மிக்ஜாம் என்று அடுத்தடுத்த ஆண்டுகளிலும் புயல்கள் இந்தப் பகுதியை நனைத்துவிட்டே போயின.

இந்த மழைக்காலத்தோடு நம் குடும்ப வழக்கம் ஒன்றும் வந்து சேர்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டுக்கு அழைத்து வருவார்கள். ஆவணியில் பிறந்த குழந்தை என்றால் அது பெரும்பாலும் கார்த்திகையில் விழும். ஆரத்தி எடுத்து உள்ளே நுழையும்போது அந்த வீட்டு நாய்க்குக் குழந்தை என்பது முற்றிலும் புதிய விருந்தாளி. எஜமானி பல மாதமாக வீட்டில் இல்லை. திடீரென வந்தவளின் கையில் இடைவிடாமல் கீச்சென்று அழும் ஒரு துணி மூட்டை. அந்த வாரத்திலேயே புயல் சின்னமும் உருவாகிவிட்டால் நாயின் நிலை என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. "பாப்பா வந்ததிலிருந்து இது சரியில்ல" என்று பழியை மட்டும் அதன் தலையில் வைத்துவிடுகிறோம்.

இடிக்கு நாய் நடுங்குவதைக் கிட்டே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நடிப்பில்லை. முதல் இடி நம் காதுக்கு எட்டுவதற்கு முன்பே காதுகள் பின்னுக்கு மடங்கும். வால் வயிற்றுக்கடியில் போகும். ஓடாமலேயே நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும், எச்சில் சொட்டும். பிறகு கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில், குளியலறை மூலையில் என்று எங்கேயாவது உடம்பைத் திணித்துக்கொள்ளும். முதுகில் கை வைத்தால் விலா எலும்புகளின் மேல் தோல் துடிப்பது உள்ளங்கைக்குத் தெரியும். நாம் கேட்கும் ஒலி நொடிக்கு 20,000 அதிர்வுகளோடு முடிந்துவிடுகிறது. நாயின் காது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே கேட்கும். தொலைவில் எழும் மெல்லிய சத்தங்களையும் நம்மைவிட நன்றாகப் பிடிக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இடிக்குப் பயப்படும் நாய்களுக்கு அவற்றின் வீட்டிலேயே புயல் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி எச்சிலைச் சோதித்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் ஏறத்தாழ மூன்று மடங்காக ஏறியிருந்தது. வீட்டில் இன்னொரு நாயும் இருந்தால் பதற்றம் சீக்கிரம் தணிந்ததும் அதில் தெரிந்தது. பின்லாந்தில் 13,700 வளர்ப்பு நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் விசாரித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு நாய்க்குச் சத்தம் ஆகாது என்று வந்தது. இது திமிரோ பழக்கக்கேடோ இல்லை, உடம்பின் பயம். அடித்தால் பயத்தோடு வலியும் சேரும். பயந்த நாயை அணைத்துக்கொண்டால் பயம் வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. அது தானாகப் பக்கத்தில் வந்தால் கையை அதன் மேல் வைத்திருக்கலாம். ஒளிந்துகொள்ள நினைத்தால் விட்டுவிட வேண்டும். ஒளிந்திருக்கும் நாயைக் காலைப் பிடித்து வெளியே இழுப்பதுதான் கடி வாங்கும் வழி.

குழந்தைக்கும் இடியோடு ஒரு கணக்கு உண்டு. சத்தம் கேட்டதும் பச்சைக் குழந்தை இரண்டு கையையும் விரித்து, விரல்களைப் பரப்பி, மறுபடி எதையோ கட்டிக்கொள்வதுபோல உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அழும். "புள்ள பயந்துடுச்சு" என்று பாட்டி திருநீறு போடச் சொல்வார். ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ நூறாண்டுக்கு முன் விவரித்ததால் இந்த அனிச்சைச் செயல் அவர் பெயரில் வழங்குகிறது. நரம்பு மண்டலம் சரியாக இருக்கிறது என்பதற்கு இதுவே ஓர் அறிகுறி. நாலைந்து மாதத்தில் தானாக மறைந்துவிடும். குழந்தையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து "ஊருக்கோ, ஊருக்கோ" என்று பாட்டி தெலுங்கில் சமாதானம் சொல்கிறாரே, அது நல்ல வைத்தியம். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் நாய்க்கும் அதே குரல் கேட்கிறது, அதற்கும் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் இரண்டையும் ஒரே அறையில் தனியே விட்டுவிட்டு யாரும் எழுந்து போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. எத்தனை வருஷம் வளர்த்த நாயானாலும், எவ்வளவு சாதுவானாலும் சரி. ஆடும் தூளி, தொங்கும் புடவைத் தலைப்பு, உள்ளிருந்து வரும் கீச்சுக்குரல், வெளியே இடி, மின்சாரம் போன இருட்டு என்று இத்தனையும் சேர்ந்த நேரத்தில் நாய் என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. துணி காயப்போட அம்மா மாடிக்கு ஓடும் இரண்டு நிமிஷத்துக்கும் ஒரு கதவு தாழிட்டிருக்க வேண்டும்.

நாயைப் பழக்குவதை மழைக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. குழந்தை தாய்வீட்டில் இருக்கும்போதே, பார்க்கப் போகிற அப்பா அது போர்த்தியிருந்த துணி ஒன்றை எடுத்து வந்து நாய் மோந்து பார்க்க விடலாம். குழந்தை அழும் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து, மெல்ல வைத்து, நாய் சோறு தின்னும் நேரத்தில் ஒலிக்கவிடலாம். படுக்கையறையில் தூங்கிப் பழகிய நாயென்றால் அதன் சாக்கை ஒரு மாதம் முன்பே கூடத்துக்கு மாற்றிவிட வேண்டும். இந்த மாற்றம் குழந்தையோடு சேர்ந்து வந்தால் நாயின் கணக்கில் குழந்தைதான் குற்றவாளி. வீட்டுக்குள் வரும் நாளில் முதலில் அம்மா வெறுங்கையோடு வந்து நாயைத் தொட்டுப் பேசட்டும், அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அது குதித்து அடங்கிய பிறகு, கழுத்துப்பட்டையை ஒருவர் பிடித்திருக்க, குழந்தையை மற்றொருவர் மடியில் வைத்துத் தூரத்திலிருந்து காட்டலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, நாயைக் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. பின்லாந்தின் குவோபியோவில் 397 குழந்தைகளை முதல் வயது முழுக்கக் கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், நாய் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி, மூச்சுத் தொல்லை, காதுவலி எல்லாம் குறைவாக இருந்தன. ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் குறைவாகத்தான் தேவைப்பட்டன. அழுக்கும் மண்ணும் கொஞ்சம் உடம்புக்குப் பழகுவது நல்லது என்பது ஒரு விளக்கம். குளிர்நாட்டு வீடுகளின் கணக்கு இது, நம் தெருவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாய் என்றாலே குழந்தைக்குக் கேடு என்ற பேச்சு நிற்காது.

கேடு வேறொரு பக்கம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டில் இந்தியா முழுக்க 37 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. உலகில் வெறிநாய்க்கடி நோயால் இறப்பவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். குட்டிப் பிள்ளைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுகிறது, அங்கிருந்து மூளைக்குத் தூரம் குறைவு. மழைக்கு ஒதுங்கத் திண்ணையேறும் தெருநாய்களும், அவற்றோடு பழகும் வீட்டு நாயும், தவழத் தொடங்கும் பிள்ளையும் ஒரே நடைக்குள் இருப்பதால் வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் தடுப்பூசியும் பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசியும் கட்டாயம். கடித்தாலும் பிறாண்டினாலும், ஏற்கெனவே புண்ணிருந்த இடத்தை நக்கினாலும், குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அடுத்து அரசு மருத்துவமனைதான். தோலுக்குள் போடும் முறையில் அன்றைக்கு, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றியே எதிர்ப்புப் புரதமும் போடுவார்கள். பால் கொடுக்கும் தாய் கடிபட்டாலும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். தரைப்பாலம் மூழ்கும் ஊர்களில் எந்த மருத்துவமனையில் இந்தப் புரதம் இருக்கிறது என்று ஐப்பசிக்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று செய்யும் வேலைகள் சின்னச் சின்னவை. முற்றத்துச் சங்கிலியில் கட்டிய நாயை முதலில் அவிழ்க்க வேண்டும். தண்ணீர் ஏறினால் சங்கிலிதான் அதன் எமன். வேப்பமரத்தடியில் கட்டுவதும் கூடாது, இந்தியாவில் மின்னல் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்குகிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடி என்றால் அது ஒரு கிலோமீட்டர் தூரம். எண்ணி முப்பதுக்குள் இடி வந்தால் திண்ணையையும் விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போக வேண்டும். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி சுற்றுவட்டாரத்து மின்னலை முன்கூட்டியே சொல்லும்.

மின்சாரம் போன வீட்டில் மெழுகுவர்த்தியையும் தூளியையும் எட்ட வைக்க வேண்டும். மிரண்ட நாயின் வால் பட்டாலே போதும். குளிருக்குக் கரி அடுப்பைக் கதவு சாத்திய அறைக்குள் வைப்பது உயிருக்கே ஆபத்து. சாம்பிராணிப் புகையும் பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. அம்மாவின் நெஞ்சோடு வெற்றுடம்பாகக் குழந்தையை ஒட்டவைத்து மேலே போர்த்திக்கொள்வதைவிட நல்ல கணப்பு கிடையாது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் குறைப்பிரசவக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. அப்பாவும் இதைச் செய்யலாம். குடிநீர் கலங்கும் நாட்களில் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு பெரிய தொல்லையிலிருந்து தப்பித்துவிடுகிறது.

தண்ணீர் வடிந்ததும் வேறொரு கவலை. எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அதில் அலைந்து வந்த நாய் தானும் நோயாளியாகி, மூத்திரம் வழியே வீட்டுக்கும் கொண்டுவரும். அதனால் வாசலிலேயே வெந்நீரில் காலும் வயிறும் கழுவித் துடைத்துத்தான் உள்ளே விட வேண்டும். குழந்தையின் துணி உலரும் கொடிக்கடியில் அதன் சாக்கைப் போடக்கூடாது.

பிள்ளைக்குப் போட வேண்டிய ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி மழையால் சில நாள் தள்ளிப்போனால் பயப்பட வேண்டாம். முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாய் சேய் அட்டை மட்டும் நனையக்கூடாது. நாயின் தடுப்பூசிச் சீட்டையும் அதே பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு, டார்ச் லைட், மாற்று பேட்டரியோடு பரண்மேல் வைத்துவிட்டால், நள்ளிரவில் யாராவது கதவைத் தட்டி ஏரி உடைகிறது என்று சொன்னாலும் ஒரே கையில் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். மற்றொரு கை குழந்தைக்கு. நாயின் கழுத்துப்பட்டையை வீட்டில் பெரிய பையன் பிடித்துக்கொள்வான்.