நாள்பட்ட கண் அழுத்த நோய்: நீண்டகாலச் சிகிச்சை விளைவுகள்

நாள்பட்ட கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) என்பது பார்வை நரம்பு படிப்படியாகச் சிதைந்து, பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து குறுகிவரும் நோய் ஆகும். கண்ணினுள் சுரக்கும் நீர்மம் வடிவதில் தடை ஏற்பட்டு அழுத்தம் உயர்வது இதன் முதன்மைக் காரணி. அழுத்தம் இயல்பான அளவில் உள்ளோருக்கும் இந்நோய் வருவதுண்டு. இழந்த பார்வை மீளாது. எனவே எஞ்சிய பார்வை எத்தனை ஆண்டுகள் நிலைக்கிறது என்பதே சிகிச்சையின் அளவுகோல். கண்புரை அறுவைக்குப் பின் பார்வை தெளிவதைக் கண்டு பழகியோர், சொட்டு மருந்திலும் அதையே எதிர்பார்த்து, பலனில்லை என்று நிறுத்திவிடுவதுண்டு.

ஆய்வு முடிவுகள்

சுவீடனில் 255 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் சொட்டு மருந்தும் லேசர் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. மறு பிரிவினர் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டனர். ஏறத்தாழ 6 ஆண்டுகளில் முதற்பிரிவில் 45 விழுக்காட்டினருக்கும் மறு பிரிவில் 62 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. அழுத்தம் 1 மி.மீ. பாதரச அளவு குறையும்போதெல்லாம் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு குறைந்தது. சிகிச்சை நோயின் வேகத்தைத் தணிக்கிறது, முற்றாக நிறுத்துவதில்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்து மருத்துவப் பதிவேடுகள் ஆராயப்பட்டன. நோய் கண்டறியப்பட்ட 20 ஆண்டுகளுக்குள் ஒரு கண்ணிலாவது பார்வை போகும் வாய்ப்பு, 1965–1980 காலத்து நோயாளிகளுக்கு 25.8 விழுக்காடாக இருந்தது. 1981–2000 காலத்தவருக்கு 13.5 விழுக்காடாகக் குறைந்தது.

தமிழ்நாட்டு நிலை

சங்கர நேத்ராலயா 2001 முதல் 2004 வரை 40 வயதைக் கடந்தோரிடையே சென்னைக் கிளாக்கோமா ஆய்வை நடத்தியது. இதன் ஊரகப் பகுதி அன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில் அமைந்தது. (வேடந்தாங்கல், மாமல்லபுரம் ஆகியவை அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன, 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் தனியே பிரிந்தது.) முதன்மைத் திறந்தகோண வகை நோய் ஊரகத்தில் 1.62 விழுக்காட்டினருக்கும் நகரில் 3.51 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. ஊரக நோயாளிகளில் 98.5 விழுக்காட்டினருக்கு அதற்குமுன் நோய் கண்டறியப்பட்டிருக்கவில்லை. தென் தமிழ்நாட்டில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்விலும் (2003) இவ்வகை நோயாளிகளில் ஐவரில் ஒருவர் ஒரு கண்ணிலாவது பார்வை இழந்திருந்தார்.

சுவீடன் ஆய்வின் பயன் நோய் கண்டறியப்பட்டவர்களுக்கே கிட்டும். ஆகவே வேடந்தாங்கல் போன்ற சிற்றூர்களில் எந்த மருந்து சிறந்தது என்பதைவிட, எந்தக் கட்டத்தில் நோய் கண்டறியப்பட்டது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது எனலாம். கண் முகாமில் அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்புவது போதாது; சென்னை ஆய்வில் கண்டறியப்பட்டோரில் பெரும்பாலோரின் அழுத்தம் இயல்பளவிலேயே இருந்தது. பார்வை நரம்பின் முகப்பையும் பரிசோதிக்க வேண்டும்.

சிகிச்சை முறைகள்

லாட்டனோபிரோசுட்டு நாளுக்கு ஒருமுறை இடப்படும் சொட்டு மருந்து. டிமோலால் ஆசுத்துமா உள்ளோருக்கு ஆகாது. பிரித்தானியாவில் லேசரை முதற்சிகிச்சையாகப் பெற்றோரில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு 6 ஆண்டுகளுக்குப் பின்னும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை (2022). நாள்தோறும் மருந்திட இயலாதோருக்கு இது குறிப்பிடத்தக்க செய்தி. இவை பயன்தராதபோது நீர்மம் வடியப் புதுவழி அமைக்கும் அறுவை செய்யப்படுகிறது. அவ்வழி தழும்பால் அடைபடக்கூடும் என்பதால் அறுவைக்குப் பின்னும் வாழ்நாள் முழுதும் பரிசோதனை தேவை. மதுரை அரோலேப் நிறுவனம் இதற்கெனக் குறைந்த விலையில் வடிகுழாய்க் கருவியைத் தயாரிக்கிறது.

நோயாளியின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு பிறரைவிட அதிகம்.